ஒரு மணி நேர ஆங்கிலம் என்ன விலை தெரியுமா?

29 லட்சத்து 20 ஆயிரம் கோடி வொன்! 2024-ஆம் ஆண்டில் தென்கொரியப் பெற்றோர் பிள்ளைகளின் டியூஷனுக்காகக் கொட்டிக் கொடுத்த பணம் இது. நம் கணக்கில் சுமார் ஒன்றே முக்கால் லட்சம் கோடி ரூபாய். இந்திய அரசு 2025-26 பட்ஜெட்டில் மத்தியக் கல்வி அமைச்சகத்துக்கு ஒதுக்கியதே 1.28 லட்சம் கோடி ரூபாய்தான்! அங்கே பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் தெரியுமா? சுமார் 51 லட்சம் பேர், அவ்வளவுதான்!

எந்தப் பாடத்துக்கு அதிகச் செலவு? கணக்கா? அறிவியலா? இல்லை. ஆங்கிலம்தான் முதலிடம்! ஆங்கில டியூஷனுக்குப் போகும் ஒரு பிள்ளைக்கு மாதச் சராசரி 2,64,000 வொன். ஏறக்குறைய 16,000 ரூபாய். கணக்கு 2,49,000 வொன்னோடு இரண்டாம் இடம். தாய்மொழியான கொரியனோ 1,64,000 வொன்னில் எங்கோ பின்னால் நிற்கிறது!

பள்ளிக்கே போகாத குழந்தைகள்?

மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். கொரியாவில் முழுக்க ஆங்கிலத்திலேயே நடக்கும் மழலையர் வகுப்புகள் இருக்கின்றன. சட்டப்படி அவை பள்ளிகள் அல்ல, தனியார் டியூஷன் நிலையங்கள். அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் 2024-இல் கணக்கெடுத்தது. மாதக் கட்டணம் சராசரியாக எவ்வளவு தெரியுமா? 15,45,000 வொன். 90,000 ரூபாய்க்கும் மேல்! மாதா மாதம்!

அங்கே சேரவும் நுழைவுத் தேர்வு வைத்தார்கள்! அதை ஊரில் ‘நான்கு வயதுத் தேர்வு’ என்கிறார்கள். அடுத்த கட்டத்துக்கு ‘ஏழு வயதுத் தேர்வு’. பென்சிலைச் சரியாகப் பிடிக்கத் தெரியாத வயதில் ஆங்கிலக் கட்டுரை! 2025-இல் தேசிய மனித உரிமை ஆணையமே தலையிட்டு, இது குழந்தைகளின் உரிமையைப் பறிக்கிறது என்று சொல்ல வேண்டி வந்தது. சொல்லியதில் என்ன தவறு? கல்வி அமைச்சகத்தின் அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண் இருக்கிறது: இரண்டு வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளில் 24.6 விழுக்காட்டினர் ஏதோ ஒரு தனிப்பயிற்சிக்குப் போகிறார்கள். நான்கில் ஒரு குழந்தை! படிக்கும்போதே நெஞ்சு பதறுகிறது.

உச்சரிப்புக்காக நாக்கில் அறுவை சிகிச்சை என்றால் நம்புவீர்களா? 2000-களின் தொடக்கத்தில் கொரியாவில் சில பெற்றோர், ‘ஆர்’ ஒலியும் ‘எல்’ ஒலியும் தெளிவாக வரட்டும் என்று குழந்தைகளின் நாக்கின் அடியில் உள்ள சவ்வை வெட்டிவிடச் செய்தார்கள்! கொதித்துப்போன மனித உரிமை ஆணையம் 2003-இல் தான் தயாரித்த திரைப்படத்தில் இதையே ஒரு பகுதியாகச் சேர்த்தது. உலகின் எந்த மூலையில் பிறந்த குழந்தையும் கேட்டுக் கேட்டே உச்சரிப்பைப் பிடித்துக்கொள்ளும். அதற்குக் கத்தி எதற்கு?

டியூஷன் எடுத்தால் கைது!

ஆமாம், அப்படியும் ஒரு காலம் இருந்தது! 1980 ஜூலை 30 அன்று கொரிய ராணுவ ஆட்சி தனி டியூஷனையே ஒட்டுமொத்தமாகத் தடை செய்தது. என்ன ஆயிற்று? டியூஷன் ஒளிந்துகொண்டது. மாட்டினால் ஆபத்து என்பதால் வாத்தியார்கள் அந்த ஆபத்துக்கும் சேர்த்து விலை வைத்தார்கள்! இருபது ஆண்டு கழித்து, 2000 ஏப்ரலில், அந்தத் தடை அரசமைப்புக்கு விரோதமானது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இப்போதும் தலைநகர் சியோலில் இரவு 10 மணிக்கு மேல் டியூஷன் நிலையத்தில் விளக்கு எரியக் கூடாது. 2009-இல் அரசு இன்னொரு படி மேலே போனது. விதியை மீறும் நிலையங்களைக் காட்டிக்கொடுத்தால் பரிசுப் பணம்! கேமராவும் கையுமாகத் திரிந்து, இதையே பிழைப்பாக்கிக்கொண்டவர்களும் கிளம்பிவிட்டார்கள்!

கட்டணத்துக்கும் கடிவாளம் உண்டு. எப்படித் தெரியுமா? மாதக் கணக்கில் இல்லை, மணிக் கணக்கிலும் இல்லை, நிமிடக் கணக்கில்! ஒரு நிமிடப் பாடத்துக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று வட்டாரக் கல்வி அலுவலகம் வரம்பு போடுகிறது.

இன்னொரு வியப்பு! ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலம் கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதி வரும்போது நாடு முழுவதும் விமானங்கள் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது! 35 நிமிடம்! வானத்தில் இருக்கும் விமானங்கள் 3 கிலோமீட்டருக்கு மேலேயே வட்டமடித்துக் காத்திருக்க வேண்டும். ஒரு மொழிக்காக வானமே நிற்கிறது என்றால், அந்த மொழியைக் கற்றுத் தருபவருக்குப் பெற்றோர் எதைக் கொடுக்க மாட்டார்கள்?

40 லட்சம் டாலர் வாத்தியார்

கிம் கி-ஹூன். கொரியாவின் ஆங்கில வாத்தியார். 2013-இல் இவருடைய ஆண்டு வருமானம் எவ்வளவு தெரியுமா? சுமார் 40 லட்சம் அமெரிக்க டாலர்! அப்படியானால் ஒரு மாணவரிடம் எவ்வளவு வாங்கியிருப்பார்? ஆயிரம் டாலர்? ஐந்நூறு? மணிக்கு வெறும் 4 டாலர் போலத்தான்! ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் பிள்ளைகள் இணையத்தில் அவருடைய பாடத்தைப் பார்த்தார்கள். வாரத்தில் 60 மணி நேர உழைப்பு. அதில் பாடம் நடத்துவது மூன்றே மணி நேரம்! மீதியெல்லாம் பாடம் தயாரிப்பதும், மாணவரின் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதும்தான். மலிவான கட்டணம் என்றால் மட்டமான வாத்தியார் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு மனிதரைப் பார்த்தால் போதும்.

ஹாங்காங்கில்? அங்கே டியூஷன் வாத்தியார்கள் சினிமா நட்சத்திரங்கள்! பேருந்தின் முதுகு முழுக்க அவர்கள் படம். ஆங்கில வாத்தியாரான ரிச்சர்ட் எங் அப்படிப் பெயர் பெற்றவர். தன் பெயரையே பலகையாக மாட்டிய லம்போர்கினி காரில் வலம் வந்தார்! 2015-இல் ஒரு நிறுவனம் போட்டி நிறுவனத்தின் வாத்தியார் ஒருவரை இழுக்க நாளிதழில் முழுப் பக்க விளம்பரமே கொடுத்தது. தொகை? ஆண்டுக்கு 8.5 கோடி ஹாங்காங் டாலர்! அவர் சீன மொழி வாத்தியார். ‘வரமாட்டேன்’ என்று சொல்லிவிட்டார்!

120 ஆண்டுக்கு முன் என்ன ரேட்?

ஜப்பானின் மாபெரும் நாவலாசிரியர் நட்சுமே சோசெகியை அறிவீர்களா? 1900-இல் அரசு அவரை லண்டனுக்கு அனுப்பியது, ஆங்கிலம் படித்து வர. உதவித்தொகை ஆண்டுக்கு 1,800 யென். மாதத்துக்கு ஏறக்குறைய 15 பவுண்டு. பல்கலைக்கழக வகுப்பு பிடிக்கவில்லை. என்ன செய்தார்? ஷேக்ஸ்பியர் அறிஞர் வில்லியம் கிரெய்க்கிடம் தனி டியூஷன் சேர்ந்தார்! கட்டணம் ஒரு மணிக்கு 5 ஷில்லிங். கால் பவுண்டு! வாரம் ஒரு வகுப்பு. அதாவது மாத உதவித்தொகையில் பதினைந்தில் ஒரு பங்கு டியூஷனுக்கே போனது. கிரெய்க் ஐயா பணம் தேவைப்பட்டால் சில நேரம் கட்டணத்தைத் திடீரென்று கேட்டுவிடுவாராம்! பின்னால் சோசெகி அந்த வாத்தியாரைப் பற்றி உருகி உருகி ஒரு கட்டுரையே எழுதினார். 5 ஷில்லிங்குக்கு ஜப்பானிய இலக்கியத்துக்குக் கிடைத்தது எவ்வளவு பெரிய சொத்து!

அடுத்த எண்ணைக் கேளுங்கள். நான்கே ஆண்டு கழித்து, 1904-இல், ஆட்ரியாடிக் கடலோரத்தில் உள்ள போலா என்ற ஊரில் ஒரு 22 வயது அயர்லாந்து இளைஞர் பெர்லிட்ஸ் பள்ளியில் ஆங்கிலம் கற்றுத் தரச் சேர்ந்தார். வாரம் 16 மணி நேரப் பாடம், சம்பளம் 2 பவுண்டு. வகுத்துப் பாருங்கள்: மணிக்கு இரண்டரை ஷில்லிங்! கிரெய்க் வாங்கியதில் பாதி! அந்த இளைஞர் யார் தெரியுமா? ஜேம்ஸ் ஜாய்ஸ்! ஆம், ‘யுலிஸஸ்’ எழுதிய அதே ஜாய்ஸ்!

அதற்குப் பிறகு த்ரியெஸ்தே நகரில் வீடு வீடாகப் போய்த் தனி டியூஷன் எடுத்தார். ஒரு மாணவருக்கு வயது 45-ஐத் தாண்டிவிட்டது, வாத்தியாருக்கோ 25. மாணவர் எத்தோரே ஷ்மிட்ஸ், கப்பல் பெயிண்ட் வியாபாரி. லண்டன் கிளையில் பேசுவதற்கு அவருக்கு ஆங்கிலம் வேண்டியிருந்தது. இத்தாலோ ஸ்வேவோ என்ற புனைபெயரில் அவர் எழுதிய நாவல்களை யாரும் கண்டுகொள்ளவில்லை. டியூஷன் வாத்தியார் வாங்கிப் படித்தார். வியந்தார்! எழுதுங்கள், எழுதுங்கள் என்று விரட்டினார். இன்று ஸ்வேவோ இத்தாலிய இலக்கியத்தின் பெரிய பெயர். ‘யுலிஸஸ்’ நாயகன் ப்ளூமுக்குள் இந்த மாணவரின் சாயல் உண்டு என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஸ்வேவோவின் மனைவி லிவியாவின் கூந்தல் ஜாய்ஸின் கடைசி நாவலில் ஆறாகவே ஓடுகிறது! டியூஷனில் யார் யாருக்குக் கற்றுத் தந்தார்கள் என்றே சொல்ல முடியவில்லை!

அந்த பெர்லிட்ஸ் பள்ளியின் கற்பிக்கும் முறை பிறந்ததே ஒரு காய்ச்சலால்தான், தெரியுமா? 1878, அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரம். மாக்சிமிலியன் பெர்லிட்ஸ் உதவிக்கு ஒரு பிரெஞ்சு வாத்தியாரை அமர்த்தினார். வந்த பிறகுதான் தெரிந்தது, அவருக்கு ஆங்கிலம் ஒரு சொல்கூட வராது! பெர்லிட்ஸோ உடல்நலம் குன்றிப் படுத்துவிட்டார். ஆறு வாரம் கழித்துப் பதறியடித்து வந்து பார்த்தால், மாணவர்கள் பிரெஞ்சில் பொளந்து கட்டுகிறார்கள்! மொழிபெயர்க்காமலே மொழி கற்பிக்கும் பெர்லிட்ஸ் முறை இப்படித்தான் வந்ததாம்.

பாஸ்போர்ட்டைப் பார்த்தா விலை?

இதைத்தான் நான் மிகவும் கேட்க விரும்புகிறேன். நாம் கொடுப்பது பாடத்துக்கா, பாஸ்போர்ட்டுக்கா?

1890, ஜப்பானின் மட்சுவே ஊர். வெளிநாட்டிலிருந்து வந்த லாஃப்காடியோ ஹெர்னுக்கு ஆங்கில ஆசிரியர் வேலை. மாதம் 100 யென். 1895, மட்சுயாமா ஊர். ஜப்பானியரான சோசெகிக்கு அதே வேலை. மாதம் 80 யென். அந்தப் பள்ளித் தலைமையாசிரியருக்கே 60 யென்தான்! அதாவது, ஆங்கிலம் தெரிந்தாலே தலைமையாசிரியரை மிஞ்சலாம். வெளிநாட்டு முகமும் சேர்ந்தால் அதையும் மிஞ்சலாம்!

பிறகு டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகம். ஹெர்னுக்கு மாதம் 400 யென்! 1903-இல் அவர் விலக, அவருடைய வகுப்புகளைப் பிரித்துக்கொண்டவர்களில் சோசெகியும் ஒருவர். அவருக்கு எவ்வளவு? ஆண்டுக்கு 800 யென்! மாதம் 67 யென்கூட முழுசாக இல்லை. வகுப்பு குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஆறு மடங்கா குறைவு?

அது அந்தக் காலம் என்கிறீர்களா? இந்தக் காலத்தைக் கேளுங்கள்! ஜப்பானின் ஓர் இணைய ஆங்கில நிறுவனத்தில், சில ஆண்டுகளுக்கு முன், தினம் 25 நிமிட வகுப்புக்கு மாதம் 6,480 யென். அதே நிறுவனம், அதே 25 நிமிடம், ஆனால் தாய்மொழியாக ஆங்கிலம் பேசும் நாட்டவரும் வேண்டும் என்றால் 15,800 யென்! பாடப்புத்தகம் மாறவில்லை, நேரம் மாறவில்லை. விலை மட்டும் இரண்டரை மடங்குக்குப் பக்கம்!

கொரியாவில் ஆங்கிலம் கற்பிப்பதற்கான மொழி ஆசிரியர் விசா எந்தெந்த நாட்டவருக்குத் தெரியுமா? அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. ஏழே நாடுகள்! இதில் நமக்கும் ஒரு சிறு கதவு திறந்தது. 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய வர்த்தக ஒப்பந்தம், பட்டமும் ஆசிரியர் தகுதியும் உள்ள இந்தியர்கள் துணை ஆங்கில ஆசிரியராகப் போக வழி செய்தது. காரும் இரும்பும் பேசப்பட்ட ஒப்பந்தத்துக்குள் ஆங்கில டீச்சர்!

அந்த விசாவில் இருப்பவர் தனியாக டியூஷன் எடுக்கலாமா? அனுமதியின்றி எடுத்தால் சட்டவிரோதம்! காபிக் கடையில் மலிவாக ஒரு வகுப்பு என்று மாணவர் மகிழலாம். மாட்டினால் நாட்டை விட்டே போக வேண்டியவர் எதிரில் உட்கார்ந்திருக்கும் வாத்தியார்!

25 நிமிடம், 213 யென்!

ஒரு தேநீரைவிட மலிவாக ஆங்கில வகுப்பு கிடைக்குமா? கிடைத்தது! 2007-இல் தொடங்கிய ஜப்பானிய நிறுவனம் ரேர்ஜாப். பாடம் நடத்துவது பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள். தினமும் 25 நிமிட வகுப்பு, மாதம் 6,380 யென் என்று சில ஆண்டுகள் வாங்கினார்கள். முப்பது நாளும் தவறாமல் வந்தால் வகுப்புக்கு ஏறக்குறைய 213 யென். சுமார் 120 ரூபாய்! பத்து நாள்தான் வந்தால்? 638 யென்! விலையைத் தீர்மானிப்பது நிறுவனம் மட்டும் அல்ல, உங்கள் சோம்பலும்தான்!

டோக்கியோவில் நேரில் ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து பேசும் காபிக் கடை வகுப்புக்கு? மணிக்கு 3,000 யென்னை ஒட்டித்தான் பெரும்பாலும் பேச்சு இருக்கும். சுமார் 1,700 ரூபாய். பல இடங்களில் வாத்தியாரின் காபிக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் மாணவர்தான் பணம் கொடுப்பார். இதைக் கணக்கில் சேர்க்க மறப்பவர்கள் எத்தனை பேர்!

வாத்தியார் கைக்கு எவ்வளவு போகிறது தெரியுமா? கேம்ப்ளி என்ற செயலி ஆசிரியருக்கு நிமிடத்துக்கு 17 சென்ட் கொடுக்கிறது. மணிக்கு 10 டாலர் 20 சென்ட். அரட்டை நின்றால் மீட்டரும் நின்றுவிடும்! ப்ரெப்ளி என்ற தளத்திலோ இன்னும் வியப்பு. ஒரு புதிய மாணவரின் முதல் வகுப்புக் கட்டணம் முழுவதும், ஆம், நூற்றுக்கு நூறும், தளத்துக்கே! அதன் பிறகு 33 விழுக்காட்டுக் கமிஷன். 400 மணி நேரத்துக்கு மேல் பாடம் எடுத்தால்தான் 18 ஆகக் குறையும். நம் ஊரிலிருந்து வெளிநாட்டு மாணவருக்குப் பாடம் சொல்லும் டீச்சர்கள், பத்து டாலர் என்று திரையில் தெரிவதைப் பத்து டாலராகவே எண்ணிவிடக் கூடாது!

அதிகாலை 4 மணி டீச்சர்கள்! 2013-இல் தொடங்கிய சீன நிறுவனம் விஐபிகிட், உச்சத்தில் 70,000-க்கும் மேற்பட்ட வட அமெரிக்க ஆசிரியர்களை வைத்திருந்தது. மணிக்கு 14 முதல் 22 டாலர். பெய்ஜிங்கில் பிள்ளை பள்ளி முடிந்து வந்தால் அமெரிக்காவில் விடிந்திருக்காது. தன் பிள்ளைகள் எழும்முன் சமையலறை விளக்கைப் போட்டுக்கொண்டு, கையில் பொம்மையோடு, உலகத்தின் மறுபக்கத்துக் குழந்தைக்கு ஏபிசி!

மூட்டையாக வாங்கினால் லாபமா?

இங்கேதான் உலகம் திரும்பத் திரும்ப ஏமாந்திருக்கிறது!

2002, ஸ்பெயின். ஓபனிங் என்ற ஆங்கிலப் பள்ளிச் சங்கிலி இழுத்து மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான மாணவர்கள் வங்கிக் கடன் வாங்கி முழுக் கட்டணத்தையும் முன்பே கட்டியிருந்தார்கள். வகுப்பு நின்றுவிட்டது. தவணை நின்றதா? வங்கி அவர்களைத் துரத்தியது!

2007, ஜப்பான். நோவா ஆங்கிலப் பள்ளி! இளஞ்சிவப்பு முயல் சின்னம், ரயில் நிலையத்துக்கு ஒரு கிளை, நாடு முழுக்க 900-க்கும் மேல்! நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள், சுமார் 4,000 வெளிநாட்டு ஆசிரியர்கள். விலை வைக்கும் முறை எப்படித் தெரியுமா? வகுப்புப் புள்ளிகள். 600 புள்ளி ஒரேயடியாக வாங்கினால் ஒன்று 1,200 யென் மட்டும். 7 லட்சத்து 20 ஆயிரம் யென், வரி தனி! கொஞ்சமாக வாங்கினால் புள்ளிக்கு விலை கூடும். சரி, நடுவில் விலகினால்? இதுவரை படித்த வகுப்புகளை அந்தக் கூடுதல் விலையில் கணக்குப் போட்டுக் கழித்துவிட்டு மிச்சத்தைத் தருவார்கள். வாங்கும்போது ஒரு விலை, திருப்பும்போது வேறு விலை! ஒரு மாணவர் விடவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 2007 ஏப்ரலில் வென்றார்! ஜூனில் அரசு, நீண்ட கால ஒப்பந்தங்களை ஆறு மாதத்துக்கு விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. முன்பணம் வருவது நின்றதும் கோட்டை ஆடியது. அக்டோபரில் இடிந்தே விழுந்தது!

பிறகு நடந்ததுதான் கண்ணீர். சம்பளம் வரவில்லை, வாடகை கட்ட முடியவில்லை, ஊர் திரும்பவும் காசில்லை. அப்போது ஆசிரியர் சங்கம் ஓர் ஏற்பாடு செய்தது. என்ன தெரியுமா? ஒரு வேளை சாப்பாடு கொடுங்கள், ஆங்கிலம் சொல்லித் தருகிறோம்! உலகின் பணக்கார நாடுகளில் ஒன்றில், ஆங்கிலப் பாடத்தின் விலை ஒரு வேளைச் சோறு! அதே நேரத்தில் ஒசாகாவில் நிறுவனத் தலைவரின் அறையைத் திறந்து காட்டினார்கள். உள்ளே தேநீர் அறையும் நீராவிக் குளியலும்!

முடிந்ததா? இல்லை! 2010-இல் ஜப்பானிலேயே ஜியோஸ் திவால். 2021-இல் சீனாவில் வால் ஸ்ட்ரீட் இங்கிலீஷ் மூடல். 2023-இல் வியட்நாமில் அபாக்ஸ் லீடர்ஸ் கிளைகளின் வாசலில் பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பெற்றோர் கூட்டம், 2024 மார்ச்சில் அதன் தலைவர் கைது. நாடு வேறு, ஆண்டு வேறு. ஆனால் கதை ஒன்றே: பாடம் நடக்கும்முன் பணம்!

அதனால் மூன்றாண்டுப் பேக்கேஜில் பாதி விலை என்று யாராவது ஆசை காட்டினால் தயவுசெய்து ஓடிவிடுங்கள்! ஒரு மாதத்துக்கு மேல் அட்வான்ஸ் எதற்கு? தனி வாத்தியாரிடம் நான்கு வகுப்புக்கு முன்பணம் என்பது இரு தரப்புக்கும் நியாயம். முந்தைய நாளுக்குள் சொன்னால் கட்டணம் இல்லை, வகுப்பு நாளன்று ரத்து செய்தால் முழுக் கட்டணம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். உங்களுக்காக ஒதுக்கிய ஒரு மணி நேரத்தை அவர் வேறு யாருக்கும் விற்க முடியாது அல்லவா?

விலை கேட்கும்போது இன்னொன்று! ‘ஒரு வகுப்பு’ என்றால் எத்தனை நிமிடம்? நோவாவில் 40. ரேர்ஜாப்பில் 25. சீனாவின் நேரடி வகுப்பில் 45. எல்லாவற்றையும் நிமிடமாக்கிப் பாருங்கள், மலிவானது சட்டென்று விலையேறிவிடும்!

அடுத்து ஒரு கணக்கு, இது என் விருப்பக் கணக்கு. எட்டுப் பேர் வகுப்பு, மணிக்குத் தலைக்கு 1,000 யென் என்று வைத்துக்கொள்வோம். பாதி நேரம் வாத்தியார் பேசுகிறார். மீதி 30 நிமிடத்தை எட்டுப் பேர் பங்கிட்டால் உங்கள் வாய் திறப்பது மூன்றே முக்கால் நிமிடம்! பேசும் நிமிடத்துக்கு 267 யென். தனி வகுப்பு மூன்று மடங்கு விலை, 3,000 யென். ஆனால் நீங்கள் பேசுவது 30 நிமிடம். நிமிடத்துக்கு 100 யென்தான்! எது மலிவு?

சான்றிதழ் கேட்கலாமா? கேளுங்கள்! செல்டா என்ற கேம்பிரிட்ஜ் பயிற்சிக்குக் குறைந்தது 120 மணி நேரம் படிக்க வேண்டும், அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அப்படித் தேர்ந்தவர் கேட்கும் கூடுதல் பணத்தைத் தயங்காமல் கொடுக்கலாம். அவர் மணிலாக்காரரா, மதுரைக்காரரா, மான்செஸ்டர்காரரா என்பதற்கு ஒரு யென்கூடக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்!

இளவரசருக்கு என்ன கட்டணம்?

1946. போரில் தோற்ற ஜப்பான். பட்டத்து இளவரசர் அகிஹிதோவுக்கு ஆங்கில டியூஷன்! அமெரிக்காவிலிருந்து எலிசபெத் கிரே வைனிங் என்ற குழந்தை இலக்கிய எழுத்தாளர் வந்தார். ஆண்டுச் சம்பளம் 2,000 டாலர். கூடவே வீடு, கார், பணியாளர்கள், ஒரு செயலாளர்! முதல் நாள் வகுப்பில் எல்லாருக்கும் ஆங்கிலப் பெயர் சூட்டினார். இளவரசருக்கு என்ன பெயர் தெரியுமா? ஜிம்மி! ஓராண்டுக்கு என்று வந்தவர் நான்கு ஆண்டு இருந்தார். 1959-இல் அதே ஜிம்மியின் திருமணத்துக்கு அழைப்பும் வந்தது!

சிறைக் கம்பிக்குப் பின்னாலிருந்து ஒரு டியூஷன்! வெளிநாட்டார் நுழைந்தாலே குற்றம் என்றிருந்த ஜப்பானுக்கு 1848-இல் ரனால்ட் மெக்டொனால்ட் வேண்டுமென்றே படகைக் கவிழ்த்துக்கொண்டு கரையேறினார். தாய் சினூக் பழங்குடிப் பெண், தந்தை ஸ்காட்லாந்துக்காரர். பிடித்து நாகசாகியில் அடைத்தார்கள். அங்கே 14 மொழிபெயர்ப்பாளர்கள் அவரிடம் ஆங்கிலம் படித்தார்கள், அவர் கம்பிக்கு உள்ளே, அவர்கள் வெளியே! கட்டணம்? சோறும் கூரையும். சில ஆண்டில் அமெரிக்கப் போர்க்கப்பல்களோடு கமடோர் பெர்ரி வந்தபோது பேச்சுவார்த்தையில் மொழிபெயர்த்த மோரியாமா இந்த 14 பேரில் ஒருவர்!

காசே இல்லாமல் கற்ற சிறுவன் வேண்டுமா? சீனாவின் ஹாங்சோ நகரில் ஒரு பையன் காலையில் ஹோட்டல் வாசலுக்குப் போய் வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டினான். கூலி வேண்டாம், ஆங்கிலம் பேசினால் போதும்! ஒன்பது ஆண்டு இப்படி! வளர்ந்து ஆங்கில ஆசிரியரானான். பின் அலிபாபா நிறுவனத்தைத் தொடங்கினான். ஜாக் மா!

ஒரே நாளில் சரிந்த சாம்ராஜ்யம்

யு மின்ஹோங். 1978-இல் சீனக் கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்தில் இவர் எடுத்த மதிப்பெண் எவ்வளவு தெரியுமா? 33! அடுத்த ஆண்டு 55. மூன்றாம் முறை 95! அந்த 33 மதிப்பெண்காரர்தான் 1993-இல் நியூ ஓரியண்டல் என்ற டியூஷன் நிறுவனத்தைத் தொடங்கிச் சீனா முழுவதற்கும் ஆங்கிலம் விற்றார்!

2021 ஜூலை 24. சீன அரசு ஓர் உத்தரவு போட்டது. பள்ளிப் பாடங்களில் டியூஷன் நடத்தி லாபம் பார்க்கக் கூடாது. சனி, ஞாயிறு, விடுமுறையில் வகுப்பு கூடாது. வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியரை வைத்துப் பாடம் நடத்தக் கூடாது. விஐபிகிட்டின் அதிகாலை விளக்குகள் அணைந்தன! பெய்ஜிங்கில் அரசே விலைப்பட்டியல் போட்டது. பத்துப் பேருக்குக் குறைவான நேரடி வகுப்பு, 45 நிமிடம், தலைக்கு 80 யுவான். சுமார் 950 ரூபாய். இணையத்தில் 30 நிமிடத்துக்கு வெறும் 20 யுவான்!

விலை அடங்கியதா? பணம் படைத்தவர்கள் வீட்டோடு தங்கும் ஆயா என்ற பெயரில் ஆங்கில டீச்சரை அமர்த்தினார்கள். 1980-இல் கொரியா கண்டது இங்கேயும்!

நியூ ஓரியண்டலின் சந்தை மதிப்பில் 90 விழுக்காடு போய்விட்டது. 60,000 பேருக்கு வேலை போயிற்று. மாணவர்களின் கட்டணத்தை யு மின்ஹோங் திருப்பிக் கொடுத்தார். காலியான வகுப்பறைகளின் மேசை நாற்காலிகள் 80,000 ஜோடியைக் கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பி வைத்தார். மற்ற நிறுவனங்கள் மூடிக்கொண்டு ஓடியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு பெரிய காரியம் என்று!

மீதி இருந்த ஆங்கில ஆசிரியர்கள் என்ன ஆனார்கள் தெரியுமா? மளிகை விற்கப் போனார்கள்! 2022 ஜூனில் டோங் யுஹுய் என்ற ஆங்கில வாத்தியார் நேரலையில் நின்று அரிசி, சோளம், இறால், மாட்டிறைச்சி எல்லாம் விற்றார். கையில் என்ன இருந்தது? ஒரு வெள்ளைப் பலகை! ஒவ்வொரு பொருளுக்கும் ஆங்கிலச் சொல்லை எழுதி, உச்சரிப்பு சொல்லி, அதன் கதையும் சொல்லி விற்றார். பார்வையாளர்கள் குவிந்தார்கள்! அந்த நேரலைக் கணக்கில் பத்து லட்சமாக இருந்த பின்தொடர்வோர் ஒரு மாதத்துக்குள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டார்கள். நேரலையை நடத்திய கிளை நிறுவனத்தின் பங்கு விலை பல மடங்கு எகிறியது!

அந்த ஆங்கிலப் பாடத்துக்கு என்ன கட்டணம் தெரியுமா? ஒரு யுவான்கூட இல்லை. அரிசிக்கு மட்டும்தான் காசு!